மிட்லண்ட்ஸ் விடுதியில் ஒரு பப் வேலை: உத்திரமும் பின்சன்னலும், யோசனை சொல்லுங்கள்

நார்த்டேல் தச்சர்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நார்த்டேலில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். தாத்தா பிடித்த உளியை அப்பா பிடித்தார். அப்பா பிடித்ததை நான் பிடிக்கிறேன். அறுபதைத் தாண்டிவிட்டேன். ஒரு வேலையை எடுப்பதா விடுவதா என்று இதுவரை இப்படித் தூக்கம் கெட்டதில்லை. கட்டடம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

இங்கே மிட்லண்ட்ஸ் பகுதியில், ஹோவிக் தாண்டி ஒரு பழைய விடுதி. பெயர் வேண்டாம். 1890களில் கட்டியது என்கிறார்கள். செங்கல்லைப் பார்த்தால் நம்பலாம். நம் ஊர்ச் சூளையின் மிருதுவான சிவப்புச் செங்கல், நெளிதகரக் கூரை, முன்னால் மரத்தூண் வராந்தா, உள்ளே ஆரிகன் பைன் பலகைத் தரை. புதிதாக வாங்கியிருப்பவர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். முன்னாலிருக்கும் பார் அறையை இங்கிலாந்துக் கிராமத்துப் பப் போல மாற்றித் தர வேண்டும் என்கிறார். அவர் கையில் கொடுத்த வரைபடத்தில் மூன்று வேலைகள். நுரையில் வார்த்த பொய் உத்திரங்களைக் கருப்படித்து மேல்தளத்தில் ஒட்டுவது. வராந்தாவின் தகரத்தை எடுத்துவிட்டுப் புல் வேய்வது. பார் அறையின் பின்சுவரை முழுதாக இடித்துத் தோட்டத்தைப் பார்த்தபடி கண்ணாடிக் கதவு போடுவது.

போன மே மாதம்தான் நான் உண்மையான கிராமத்துப் பப் ஒன்றைப் பார்த்தேன். மகள் இங்கிலாந்தில் ஈவ்ஷாம் ஊரில் செவிலியர். அவளைப் பார்க்கப் போயிருந்தோம். அருகில் பிரெட்ஃபோர்ட்டன் என்ற கிராமத்தில் ஃப்ளீஸ் இன் என்று ஒரு பப். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஒரு விவசாயியின் வீடு. 1848 இல்தான் மது விற்க உரிமம் வாங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்து, கடைசியாக அதை நடத்திய லோலா டாப்ளின் என்ற அம்மையார் 1977 இல் இறந்தபோது, பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்கு எழுதி வைத்துவிட்டார். 2004 இல் கூரையில் தீப்பிடித்துப் பெரும் சேதம். பொறுமையாகச் செப்பனிட்டுத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். நான் குடிக்கிறவன் இல்லை. ஒரு தேநீரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அண்ணாந்தே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வட்டாரத்தில் பழைய வீடும் பப்புமாக நான்கைந்து இடங்களுக்கு மகள் கூட்டிப்போனாள். எல்லாம் ஓக் மரச் சட்டம். அதுவும் பச்சை மரம். பச்சையாக இருக்கும்போதுதான் ஓக் உளிக்கு இணங்கும், காய்ந்தால் இரும்பாகிவிடும். சட்டமாகப் பூட்டிய பிறகு மரம் சுவரிலேயே நின்று காய்கிறது, முறுக்கிக்கொள்கிறது. அதனால்தான் அந்த வீடுகளில் ஒரு கோடு நேராக இல்லை. ஆனாலும் ஐந்நூறு வருடமாக நிற்கின்றன. சட்டத்தில் இரும்பாணி கிடையாது. ஓக் மரத்தின் துவர்ப்பு இரும்பை அரித்துவிடும். துளையும் அதில் செருகும் கழுந்தும், குறுக்கே ஓக் முளைக்குச்சி, அவ்வளவுதான். கழுந்தில் போடும் ஓட்டையை ஒரு நூலளவு தள்ளிப் போட்டுவிடுவார்கள். முளையை அடித்து இறக்க இறக்க அது கழுந்தை இழுத்து உள்ளே இறுக்கும். தாத்தா நிலைக்கதவுக்கு இதைத்தான் செய்வார். கடல் தாண்டி வந்து, பார்த்தே இராத ஒரு தச்சனின் கையில் என் தாத்தாவின் வித்தையைக் கண்டபோது மனம் நிறைந்துவிட்டது.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூலைத்தூணின் தலையில் சுவர்மரமும் குறுக்கு உத்திரமும் வந்து சேரும் இடத்தில் மூன்றுக்கும் இடம் போதாது. அந்தத் தச்சர்கள் மரத்தைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறார்கள். வேர்ப்பக்கம் மேலே! அடிமரத்தின் பருமன் அப்படியே தூணின் தலையில் கிடைத்துவிடுகிறது. இணைப்புக்கு இணைப்பு உளியால் வெட்டிய ரோமன் எண்கள். பட்டறை முற்றத்தில் சட்டம் முழுவதையும் தரையிலேயே பொருத்திப் பார்த்து, எண் வெட்டி, கழற்றி, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். நான்கு என்றால் நேர்கோடு நான்கு.

ஃப்ளீஸ் இன்னில் கணப்புக்கு முன்னால் தரையில் வெள்ளையாக வட்டங்கள் போட்டிருக்கிறது. புகைபோக்கி வழியாகச் சூனியக்காரி இறங்கி வராமல் தடுக்க என்றார்கள். என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "வாசலில் நாம் போடுகிறோம், இவர்கள் அடுப்படியில் போடுகிறார்கள்" என்றாள்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு வந்தவன் நுரை உத்திரத்தை எப்படி ஒட்டுவேன்? எதையும் தாங்காத ஒன்றுக்கு உத்திரம் என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

இனி பின்சுவர். அதில் தோளுயரத்தில் ஒரு சின்னச் சன்னல் இருக்கிறது, பலகையை மேலே தூக்கித் திறக்கும் வகை. 1973 இல், பன்னிரண்டு வயதில், அப்பாவோடு இதே விடுதிக்குப் போயிருக்கிறேன். பார் திறப்பதற்கு முன்னால் கவுண்டரின் மேல்பலகையை மாற்ற வேண்டும். கருவிப்பெட்டி தூக்க நான். வெள்ளையர் அல்லாத நமக்கு முன்வாசல் இல்லை, கொல்லை வழியாகத்தான் உள்ளே போனோம். வேலை முடிந்து கூலி வாங்கிக்கொண்டு அப்பா கொல்லையில் போய் நின்று அந்தச் சன்னலைத் தட்டினார். பலகை ஒரு சாண் உயர்ந்தது. ஒரு கை பாட்டிலை நீட்டியது, காசை எடுத்துக்கொண்டது. முகம் வரவில்லை. காலையில் தன் கையால் இழைத்துப் பூட்டிய கவுண்டருக்கு மாலையில் அவர் போய் நிற்க முடியாது. வீடு வரும்வரை அப்பா பேசவில்லை.

சன்னலின் வெளிப்பக்க அடிக்கட்டை இப்போது நடுவில் குழிந்திருக்கிறது. ஆரிகன் பைன் மென்மையான மரம். கைகள் தேய்த்த குழி.

கேட்க வந்தது இரண்டு. உண்மையான சட்டம் செய்வதென்றால் இங்கே எந்த மரத்தில் செய்வது? ஓக்குக்கு எங்கே போவது? அதைவிடப் பெரிது, அந்தச் சன்னலை நான் என்ன செய்வது? உரிமையாளருக்கு அதன் கதை தெரியாது. இடிக்கச் சொன்னால் ஒரு மணி நேர வேலை. சம்மட்டியை எடுக்கவும் கை வரவில்லை, விட்டுவைக்கவும் மனம் வரவில்லை.

உம்பிலோ வாசகி

அண்ணா, வணக்கம். டர்பனில் பழைய கட்டடங்களைச் செப்பனிடும் கட்டடக் கலைஞராக இருக்கிறேன். பர்மிங்ஹாம் பக்கம் இரண்டு ஆண்டுகள் இதே துறையில் வேலை செய்தேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

முதலில் அந்தக் கருப்பு. உங்கள் உரிமையாளர் கேட்கும் கருப்பு வெள்ளைக் கோலம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரசனை. அதற்கு முன் ஓக்கை அப்படியே விட்டுவிடுவார்கள். வெயிலிலும் மழையிலும் அது வெள்ளி நரை பூத்து நிற்கும். இல்லையென்றால் மரம், சுவர் என்று பாராமல் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். மரத்துக்கு நடுவில் இருக்கும் சுவரும் நமக்குப் புதிதல்ல. வரிச்சு கட்டி, களிமண்ணில் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பியதுதான். உங்கள் ஆயாவுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியிருந்திருக்காது.

பழைய கிராமத்துப் பப் பப்பாகப் பிறந்ததில்லை, அண்ணா. அது ஒரு வீடு. முதலில் புகைபோக்கியே இல்லாத திறந்த கூடம்; நடுத்தரையில் தீ, புகை கூரை வழியாகத் தானே போகும். இன்றும் சில இடங்களில் கூரையின் கைமரங்கள் கரிபிடித்து இருப்பதைப் பார்க்கலாம். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் செங்கல்லிலோ கல்லிலோ பெரிய புகைபோக்கியை நடுவில் செருகினார்கள், கூடத்தில் மேல்மாடி போட்டார்கள். நாம் இன்று ரசிக்கும் அந்தப் பெரிய கணப்பு மாடமும், தலையில் இடிக்கும் உத்திரமும் அப்போது வந்தவை. உத்திரம் தாழ்வாக இருப்பது அழகுக்காக அல்ல. இருந்த உயரத்துக்குள் இன்னொரு தளத்தை அடக்க வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் சன்னல். இதைச் சொல்ல எனக்கும் தயக்கமாகத்தான் இருக்கிறது. கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துக் கிராமத்துப் பப்பில் கவுண்டரே இல்லை. பீப்பாய் பின்னறையிலோ நிலவறையிலோ இருக்கும். வீட்டுக்காரம்மா கூஜாவில் பிடித்து வந்து ஊற்றுவார், அல்லது சுவரில் உள்ள ஒரு சின்னத் திறப்பு வழியாக நீட்டுவார். கவுண்டர் நகரத்து மதுக்கடைகளில் பரவி, பிறகு கிராமத்துக்கு வந்தது. ஹியர்ஃபோர்ட்ஷரில் லென்ட்வர்டைன் என்ற ஊரில் சன் இன் என்று ஒன்று இருக்கிறது. அங்கே 2009 வரை நடத்திய மூதாட்டியின் காலத்தில் அடுக்களையில் பீப்பாய், முன்னறையில் பெஞ்சு, அவ்வளவுதான் பப். வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களுக்கென்று தனித் திறப்பு வைத்த பப்கள் ஏராளம். அப்பாவுக்குப் பியர் வாங்க, பிள்ளைகள் கூஜாவோடு வந்து நிற்பார்கள்.

ஆக, அந்த விடுதியில் உண்மையாகவே ஆங்கிலப் பப்புக்கு உரிய பகுதி எது என்று கேட்டால், உங்கள் அப்பா தட்டிய அந்தச் சன்னல்தான். அங்கே அது கூஜாவுக்கான திறப்பு. இங்கே கொண்டுவந்து அதையே நிறக்கோடாக்கினார்கள். அங்கேயும் சுவர்கள் மனிதரைப் பிரிக்காமல் இல்லை. விக்டோரியா காலத்தில் உழைப்பாளிக்குப் பொது பார், காலில் சேறில்லாதவருக்குக் கம்பளம் விரித்த சலூன் பார், யாரும் பார்க்காமல் குடிக்க ஒரு குட்டி அறை என்று பலகைத் தடுப்புகள் வைத்தார்கள். கவுண்டரின் மேல் சுழலும் பனிக்கண்ணாடிச் சாளரங்கள்கூட உண்டு. ஆனால் அந்தத் தடுப்பைக் காசு இருந்தால் தாண்டலாம். உங்கள் அப்பாவால் முடியாது. பொது இடங்களை நிறம் பார்த்துப் பிரித்த 1953 ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் 1990 வரை இந்த நாட்டில் இருந்தது.

என் யோசனை: அந்தச் சன்னலை இடிக்காதீர்கள். இடிப்பதற்குச் சட்டமும் இடம் தராது. 1999 ஆம் ஆண்டின் 25 ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டம், 34 ஆம் பிரிவு: அறுபது வயதைத் தாண்டிய எந்தக் கட்டடத்தையும் மாகாண மரபு அமைப்பின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. நம் மாகாணத்தில் அது அமாஃபா. உரிமையாளரிடம் இதை முதலில் சொல்லுங்கள். அவர் நல்ல மனிதர் என்கிறீர்கள். தெரியாமல் செய்யப் பார்த்திருக்கலாம். அந்தப் பின்சுவர் 230 மில்லிமீட்டர் செங்கல் என்றால் கூரையின் பாரமும் அதன் மேல்தான் இருக்கும். முழுதாகத் திறக்க வேண்டுமென்றால் எஃகு உத்திரம் வேண்டும், பொறியாளர் வேண்டும்.

பொய் உத்திரத்தைப் பற்றி ஒரே ஒரு சொல். டர்பனில் 1935 இல் பிளேஹவுஸைத் திரையரங்காகக் கட்டியபோது டியூடர் பாணி மரச்சட்ட முகப்பு வைத்தார்கள், உள்ளே கூரையில் நட்சத்திரம் மின்ன வைத்தார்கள். கூத்து நடக்கும் இடத்துக்கு வேடம் பொருந்தும். பப் என்பது அப்படி அல்ல. காட்ஸ்வோல்ட்ஸில் சுண்ணக்கல், நார்ஃபோக்கில் சிக்கிமுக்கிக் கல், டெவனில் மண்சுவர், கென்ட்டில் மரப்பலகை: எந்த ஊரில் எது கிடைத்ததோ அதில்தான் பப் எழுந்தது. அந்த நியாயப்படி, நம் நேட்டால் பகுதிச் செங்கல்லும் நெளிதகரமுமாக இருக்கும் உங்கள் விடுதி ஏற்கெனவே கிராமத்துப் பப்தான். அதன் மேல் வேறொரு ஊரை ஒட்ட வேண்டியதில்லை. கணப்பைச் செப்பனிடும்போது சிமெண்ட் மட்டும் வேண்டாம், அண்ணா. அந்த மிருதுவான செங்கல் மூச்சுவிட வேண்டும். சுண்ணாம்புச் சாந்தே வையுங்கள். சிமெண்ட் வைத்தால் ஈரம் செங்கல்லுக்குள் தங்கி முகம் உதிர்ந்துவிடும்.

டோங்காட் கூரைக்காரர்

அண்ணே, புல் வேயச் சொல்கிறார்களே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். முப்பது வருடமாக அதுதான் என் பிழைப்பு.

வேண்டாம். பிழைப்பு போனாலும் வேண்டாம் என்பேன். புல்கூரைக்குச் சாய்வு 45 பாகை வேண்டும். இங்கிலாந்தில் அதைவிடச் செங்குத்தாகவும் வேய்கிறார்கள். வராந்தாவின் தகரச் சாய்வு எவ்வளவு இருக்கும்? பத்து, பன்னிரண்டு? அதன் மேல் புல்லைப் போட்டால் தண்ணீர் ஓடாது, ஊறும். மூன்று மழைக்காலத்தில் மட்கிவிடும். மிட்லண்ட்ஸில் இடி எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். இடிதாங்கிக் கம்பம் தனியாக நட வேண்டும், காப்பீட்டுக்காரர் வேறு வந்து கழுத்தைப் பிடிப்பார். அங்கே கோதுமை வைக்கோலும் நாணலும். இங்கே நாங்கள் வேய்வது காட்டுப்புல். மேற்குக் கேப்பில் வேறு நாணல். பொருள் வேறு, முகடு முடிக்கும் விதம் வேறு, இறவாரம் வெட்டும் விதம் வேறு. தகரத்தையே நன்றாகப் போடுங்கள். மழைச் சத்தம் கேட்டால்தான் அது நம் ஊர் வராந்தா.

மரம் கேட்டீர்கள். சலிக்னா என்ற யூகலிப்டஸ் மரம் மலிவு, பக்கத்துத் தோட்டத்திலேயே கிடைக்கும். ஆனால் பச்சையில் அறுத்துச் சட்டம் போட்டுவிடாதீர்கள். ஓக்கைப் போல அது அடங்காது. மரத்துக்குள்ளேயே இறுக்கம் இருக்கிறது. அறுத்த மறுநாள் முனை பிளந்து நிற்கும். உலர்த்திய சலிக்னா என்றால் சரி. பழைய கிடங்கு இடிக்கிற இடங்களில் ஆரிகன் பைன் உத்திரம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். கேப்பில் பழைய டச்சு ஆளுநர் வான் டெர் ஸ்டெல் காலத்தில் நட்ட ஓக் மரங்கள் நிறைய உண்டு. வெயிலில் வேகமாக வளர்ந்துவிட்டதால் மரம் பொசபொசவென்று இருக்கும். பீப்பாய்க்கே உதவவில்லை என்பார்கள்.

சாட்ஸ்வொர்த் பேரன்

மாமா, மன்னிக்க வேண்டும், நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். இடித்துவிடுங்கள். அனுமதி வாங்கியே இடியுங்கள்.

எங்கள் தாத்தாவை டர்பனில் இந்தியத் தொழிலாளர் குடியிருந்த மேகசின் பாரக்ஸில் இருந்து பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டு வந்து போட்டார்கள். அவர் வாழ்ந்த வீடு எங்கே என்று காட்ட ஒரு செங்கல் இல்லை. நம்முடையதை எல்லாம் புல்டோசர் வைத்துத் தள்ளிய நாட்டில், நம்மை அவமானப்படுத்திய சன்னலை மட்டும் மரபுச் சொத்து என்று பாதுகாப்பதா? நாளைக்கு அங்கே வந்து குடிக்கிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுப்பார்கள். உங்கள் அப்பா அன்று வீடு வரும்வரை பேசாமல் வந்ததை அந்தப் படத்தில் யார் பார்ப்பார்கள்? உம்பிலோ அக்கா சொல்வது கட்டடத்துக்குச் சரி. நான் மனிதருக்காகக் கேட்கிறேன்.

உம்பிலோ வாசகி

தம்பி, உன் கோபம் நியாயம். அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். சுவரோடு போனால் கதையும் போய்விடும் என்பதுதான் என் பயம். உரிமையாளருக்கு இன்று அந்தக் கதை தெரியாது. சன்னல் இருக்கும்போதே தெரியவில்லை.

வெருலம் ஆயா

தம்பி, பேத்தி படித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருடம் விடுதியில் வெயிட்டர். நீ சொல்லும் விடுதி இல்லை, வேறு. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு சலூனில் பரிமாறுவார். குளிர்காலத்தில் விடிகாலை நாலு மணிக்குப் போய்க் கணப்பை மூட்ட வேண்டும். எந்த விறகு வெடிக்கும், எது புகையும், எது ராத்திரி முழுக்கக் கங்காக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். புகைபோக்கி இழுக்காத நாளில் கதவை எவ்வளவு திறந்து வைத்தால் இழுக்கும் என்றுகூடச் சொல்வார். ஜூன், ஜூலை மாதத்தில் அந்தப் பக்கம் உறைபனி விழும். அந்த நெருப்புக்கு முன்னால் இருந்த நாற்காலியில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. விறகு போட்ட கைதான், குளிர் காய்ந்த கை இல்லை.

அந்த விடுதியிலும் பின்னால் இப்படி ஒரு சன்னல் இருந்தது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான் போகும்போது பார்த்திருக்கிறேன். நீங்கள் எல்லாரும் சன்னலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். அதன் மேல் கூரை இருக்கிறதா? அங்கே இல்லை. ஒரு முழம் தகரம்கூட இல்லை. மழை பெய்தால் நம் ஆட்கள், சூலு ஆட்கள், எல்லாரும் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். சேற்றில் செங்கல் துண்டுகளைப் போட்டு அதன் மேல் நிற்பார்கள். முன்னால் வராந்தாவில் குதிரை கட்டுகிற இடத்துக்குக்கூடக் கூரை உண்டு.

வைத்தால் வை, எடுத்தால் எடு. அது உன் இஷ்டம், சாமி. வைப்பதாக இருந்தால் அதற்கு ஒரு கூரை போடு. உட்கார ஒரு திண்ணை வை. நின்று நின்று கால் ஓய்ந்து போனவர்கள் அவர்கள்.

நார்த்டேல் தச்சர்

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். இந்த வாரத்தில் இரண்டு முறை விடுதிக்குப் போய் வந்தேன்.

ஆயா, நீங்கள் கேட்டதும் எழுந்து பட்டறைக்கு வெளியே போய் நின்றுவிட்டேன். அந்தச் சன்னலை எத்தனை முறை அளந்திருக்கிறேன், தலைக்கு மேல் பார்க்கவில்லை. மறுநாளே போய்ப் பார்த்தேன். இல்லை. கூரைத் தகரம் சுவரோடு வெட்டியது போல நிற்கிறது. பின்பக்க இறவாரத் தண்ணீர் முழுவதும் சரியாகச் சன்னலுக்கு முன்னால்தான் கொட்டும். சுவரின் அடியில் ஆறு வரிசைச் செங்கல் தெறித்த சேற்றால் அரித்திருக்கிறது. நின்றவர்கள் முதுகிலும் அதே தண்ணீர்தானே விழுந்திருக்கும்.

உரிமையாளரைப் பின்பக்கம் கூட்டிப்போய் அந்தக் குழிந்த அடிக்கட்டையில் கையை வைக்கச் சொன்னேன். பிறகு அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. கண்ணாடிக் கதவு வரைபடத்தைக் கைவிட்டுவிட்டார். தோட்டத்துக்கு வழி வேண்டும் என்பது அவருடைய நியாயமான தேவை. பின்சுவரின் மறு கோடியில் ஏற்கெனவே ஒரு கதவு இருந்து, பிறகு செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். வளைவுச் செங்கல் இன்னும் தெரிகிறது. அதைத் திறந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டார். அமாஃபாவுக்கு விண்ணப்பம் எழுத உம்பிலோ தங்கை உதவுவதாகத் தனியே சொல்லியிருக்கிறார். நுரை உத்திரம் போச்சு. மேல்தளத்தின் பலகையில் நான்கு அடுக்குச் சாயம் ஏறியிருக்கிறது. சுரண்டிப் பார்த்தால் அடியில் நல்ல ஆரிகன் பைன். அதை வெளியே கொண்டுவந்தாலே போதும். கணப்பின் முகத்தில் பின்னாளில் ஒட்டிய ஓடுகளைக் கழற்றினால் உள்ளே பழைய செங்கல் வளைவு முழுதாக இருக்கிறது. நெருப்புக்கு இரண்டு பக்கமும் உயர்ந்த முதுகுப் பலகை வைத்த பெஞ்சுகள் செய்கிறேன். ஈவ்ஷாம் பக்கத்தில் பார்த்தேன். கதவுப்பக்கக் காற்று கழுத்தில் படாமல் அந்த முதுகுப் பலகை தடுத்துவிடுகிறது. உறைபனி நாட்டுக்குப் பொருத்தமான சாமான்.

தம்பி, சாட்ஸ்வொர்த் பேரனே, உன் பதிலைத்தான் அதிக முறை படித்தேன். நீ சொன்னதை மறுக்க என்னிடம் வார்த்தை இல்லை. ஆனால் சன்னலை வைக்கப் போகிறேன். அங்கே பலகை எழுதி மாட்டுவதா என்று உரிமையாளர் கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். நீ ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுச் சொல். நீ சொன்ன பிறகு முடிவு செய்வோம்.

நான் இங்கிலாந்தில் கண்ட சட்டத்தைப் பார் அறையில் செய்யப் போவதில்லை. கொல்லையில் செய்கிறேன். சன்னலுக்கு முன்னால் பதினான்கு அடி நீளம், ஏழு அடி அகலத்தில் ஒரு தாழ்வாரம். நான்கு கால், ஒரு முன்மரம், ஒரு பின்மரம், சாய்வுத் தாங்குகள், ஆறு கைமரம். அடியில் செங்கல் திண்ணை. எல்லாம் துளையும் கழுந்தும், குறுக்கே முளை. ஒரு ஆணி கிடையாது, தகரத்துக்கு மட்டும்தான் திருகு. சுவரின் மேல் பாரம் ஏறாதபடி பின்பக்கத்துக் கால்களும் தனியாகவே நிற்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்துக்கு அருகில் இடித்த ஒரு பழைய கிடங்கின் ஆரிகன் பைன் எனக்குக் கிடைத்துவிட்டது. ஒன்பது அங்குலத்துக்கு மூன்று. கால்களுக்கு மூன்று மூன்றாகச் சேர்த்துப் பூட்டினால் தடிமன் வந்துவிடும்.

இணைப்புகளுக்கு எண் வெட்ட வேண்டும். முதலில் தமிழ் எண்களில் வெட்டலாம் என்று ஆசைப்பட்டுப் பார்த்தேன். ௧ என்பதற்கே எத்தனை வளைவு! அகல உளிக்கு அது வரவில்லை. தாத்தா எப்படி எண் போட்டார் என்று அவருடைய பழைய நிலைச்சட்டம் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். நேர்கோடு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்துக்குக் குறுக்கே ஒரு கோடு. அதையே போடுகிறேன்.

டோங்காட் தம்பி, உங்களிடம் ஒரு கேள்வி பாக்கி. பழைய கூரைத் தகரத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஒன்பதரை அடி. சன்னலின் மேல்கட்டை ஆறரை. தாழ்வாரத்தின் தலை ஒன்பதில் தொடங்கி முன்மரம் ஏழேகாலில் நின்றால், ஏழடி ஓட்டத்துக்கு அந்தச் சாய்வு நெளிதகரத்துக்குப் போதும்தானே? மேலிருந்து வரும் தண்ணீரும் இதன் மேல்தான் விழும். நடுவில் ஒரு வாய்க்கால் தகரம் வைக்கலாமா, அல்லது நேரே ஓட விட்டு முன்னால் தாங்கலாமா? சனிக்கிழமை காலை மரம் வந்து இறங்குகிறது. அதற்குள் சொன்னால் கால்களை அளந்து அறுத்துவிடுவேன்.